பூங்கா இடத்தில் கம்பி வேலி. மாநகராட்சி ‘எங்கள் நிலம் இல்லை’ என்றால் என்ன செய்வது?

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு மாநகராட்சியிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பேர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டு அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

“ஐயா, எங்கள் நகர் 1993-ல் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வாங்கிய மனைப்பிரிவு. மொத்தம் 64 மனை. அப்போது பேரூராட்சி, 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. லேஅவுட் வரைபடத்தில் 22 சென்ட் பூங்காவுக்கு என்று விட்டிருக்கிறது. நாங்கள் எல்லோரும் ரிசர்வ் சைட் என்றுதான் சொல்வோம். பிள்ளைகள் விளையாடுவது, பொங்கலுக்குக் கோலப்போட்டி எல்லாம் அங்கேதான். ஏழு மாதத்துக்கு முன் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். கேட்டால், லேஅவுட் போட்டவருடைய மகனிடம் கிரயம் வாங்கியிருக்கிறோம், பட்டாவும் எங்கள் பேரில்தான் என்கிறார்கள். போன வாரம் ஜேசிபி வந்து அஸ்திவாரத்துக்குக் குழி எடுத்திருக்கிறது.

“கவுன்சிலரிடம் ஒன்று, மண்டல அலுவலகத்தில் ஒன்று, முதல்வர் உதவி எண்ணான 1100-க்கு ஒன்று என்று மூன்று மனு கொடுத்தோம். கடைசியில் வந்த பதில், ‘மேற்படி இடம் மாநகராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டதற்கான தானப்பத்திரம் அலுவலகக் கோப்பில் இல்லை, எனவே நடவடிக்கைக்கு இடமில்லை’ என்பது. கவுன்சிலர் எங்களைப் பார்த்தாலே வண்டியைத் திருப்புகிறார். சங்கம் பதிவு செய்யாததால் மனுவே செல்லாது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். முதலில் முப்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது பாதிப்பேர் நழுவிவிட்டார்கள். இதற்கிடையில் கீழ்த்தெருவில் செப்டிக் டேங்க் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் விடுகிறார்கள். அதற்கும் மனு கொடுத்தாகிவிட்டது. இளைஞர்கள் வேலியைப் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். சிலர் சொத்து வரி கட்டமாட்டோம் என்று சொல்வோம் என்கிறார்கள். கவுன்சிலர் பணம் வாங்கிவிட்டார் என்று வீடியோ போடலாம் என்று என் மகன் சொல்கிறான். நேராக ஹைகோர்ட்டுக்குப் போனால் முடியுமா? இல்லை, தானப்பத்திரம் இல்லை என்பதால் எல்லாம் முடிந்துபோனதா?”

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடிந்துபோகவில்லை. மாநகராட்சி கொடுத்த அந்தப் பதில் சட்டப்படி பாதிப் பதில்தான். அதைப் படித்துவிட்டு நீங்கள் மனம் தளர்ந்தது புரிகிறது. ஆனால் அதே கடிதம் உங்களுக்கு ஒரு வகையில் உதவியும் செய்கிறது. இப்படி ஒரு இடம் அந்த மனைப்பிரிவில் இல்லவே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. தானப்பத்திரம் தங்கள் கோப்பில் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கடிதத்தின் மூலத்தைப் பத்திரமாக வையுங்கள்.

தானப்பத்திரம் இல்லையென்றால் நிலம் யாருடையது?

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்கும்போது பூங்காவுக்கும் சாலைக்கும் ஒதுக்கிய இடத்தை உள்ளாட்சிக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. இப்போது நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகக் கட்டாயம் ஒப்படைக்கச் சொல்கின்றன. ஆனால் தொண்ணூறுகளில் பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் நிறைய இடங்களில் இந்தப் பத்திரம் எழுதப்படவே இல்லை. சாலையை மட்டும் ஒப்படைத்துவிட்டுப் பூங்காவை அப்படியே விட்டவர்கள் உண்டு. எழுதப்பட்டும் காணாமல் போனவையும் உண்டு. 2011-ல் சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகள் விரிந்தபோது சுற்றியிருந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகள் பல அவற்றோடு சேர்ந்தன. சென்னையில் மட்டும் 42 உள்ளாட்சிகள். பழைய அலுவலகத்தின் பீரோவில் இருந்த கோப்பு புதிய மண்டல அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதை அப்போது யார் சரிபார்த்திருப்பார்கள்? ‘கோப்பில் இல்லை’ என்பதால் ‘பத்திரமே இல்லை’ என்று ஆகிவிடாது.

சரி, உண்மையிலேயே பத்திரம் எழுதப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் லேஅவுட் போட்டவர் அதைத் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. சேத் ராம் வசிஷ்ட் என்பவருக்கும் டெல்லி மாநகராட்சிக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தொண்ணூறுகளின் நடுவில் சொன்ன தீர்ப்பு இதற்கு அடிப்படை. மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா, பள்ளி, சாலை என்று ஒரு இடத்தை ஒதுக்கிவிட்டால், அதன்பின் உரிமையாளர் அதைப் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் அறங்காவலர் போன்றவர்தான் என்றது நீதிமன்றம். இதே தீர்ப்பில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முறையாக எழுதித் தராமல் அந்த நிலத்தின் உரிமை தானாகவே மாநகராட்சிக்குப் போய்விடாது என்றும் அது சொல்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் இந்தப் பாதியை மட்டும்தான் வாசிப்பார். ஆகவே உங்கள் மனுவில் ‘இது மாநகராட்சி நிலம்’ என்று எழுதாதீர்கள். ‘அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட, வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாத பொது இடம்’ என்று எழுதுங்கள். இந்த ஒரு திருத்தத்தாலேயே ‘தானப்பத்திரம் இல்லை’ என்ற பதிலுக்கு வேலை இல்லாமல் போகும்.

குடியிருப்பவர்களுக்கு இதில் வழக்குப் போட என்ன உரிமை என்று யாராவது கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்கு வழக்குத் தொடர உரிமை உண்டு என்றும், பூங்கா இடத்தை அப்படி மாற்றியது செல்லாது என்றும் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை முத்தப்பா வழக்கு என்பார்கள்.

எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய இன்னொரு வாதத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ‘மூன்று வருடத்துக்குள் அரசு நிலத்தை எடுக்கவில்லை, அதனால் ஒதுக்கீடு காலாவதி’ என்பார்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அது. அது அரசு தன் வளர்ச்சித் திட்டத்தில், பின்னால் கையகப்படுத்துவதற்காகக் குறித்துவைக்கும் நிலங்களுக்கானது. மனை விற்பவர் தானே அங்கீகாரம் கேட்டு, தானே வரைந்து காட்டிவிட்ட பூங்காவுக்கு அது பொருந்தாது. பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் சொந்தம் என்று யாராவது சொன்னால் அதற்கும் பயப்பட வேண்டாம். வேலிக்கு வயது ஏழு மாதம்.

பட்டாவைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

‘பட்டாவே அவர்கள் பேரில் இருக்கிறதே’ என்பது உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது. கிரயப் பத்திரத்தை வைத்துப் பட்டா மாற்றியிருப்பார்கள். அந்தக் கிரயத்துக்கே அடிப்படை இல்லையென்றால் பட்டாவும் நிற்காது. பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு கேட்கலாம். மேல்முறையீட்டை இப்போதே போடுங்கள். பல பேர் இதை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்தப் பட்டாவைக் காட்டியே வீட்டு அனுமதி, மின் இணைப்பு, வங்கிக் கடன் என்று ஒவ்வொன்றாக வாங்கிவிடுவார்கள்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த 22 சென்ட்டைச் சுற்றி எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனை வீட்டுக்காரர்களிடமும் போய், அவர்கள் மனை வாங்கிய மூலப் பத்திரத்தை எடுத்துச் செக்குபந்தியை, அதாவது மனையின் நான்கு எல்லை விவரத்தை, படிக்கச் சொல்லுங்கள். ‘கிழக்கில் பூங்காவுக்கு விட்ட இடம்’ என்றோ ‘வடக்கில் ரிசர்வ் சைட்’ என்றோ எழுதியிருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தது யார்? லேஅவுட் போட்டவர், அல்லது அவருடைய பவர் ஏஜென்ட். அதாவது, இது பூங்கா என்று தன் கையெழுத்தோடு சார்பதிவாளர் முன்னால் ஒப்புக்கொண்டுதான் அவர் உங்களுக்கு மனை விற்றிருக்கிறார். அந்தப் பூங்காவையும் காட்டித்தான் விலை வாங்கியிருக்கிறார். முப்பது வருடம் கழித்து அவருடைய மகன் வந்து அது எங்கள் சொந்த இடம் என்று சொன்னால், அப்பா எழுதிக் கொடுத்ததை மறுக்கிறார் என்று பொருள். இப்படி ஐந்து பத்திரம் கிடைத்தால் போதும், தானப்பத்திரம் இல்லாத குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டியவர்களையும் கேளுங்கள். கடனுக்காகக் கொடுத்த ஆவணங்களில் அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் நகல் கட்டாயம் இருக்கும். முத்திரையோடு கூடிய சான்றிட்ட நகலை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். அங்கீகார ஆணையின் நிபந்தனைப் பக்கமும் சேர்த்து வாங்க வேண்டும். வரைபடத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், கவனம்.

வில்லங்கச் சான்று போடும்போது மனை எண்ணை வைத்துத் தேடினால் பூங்கா இடம் வராது, அதற்கு மனை எண்ணே இருக்காது. மனை பிரிப்பதற்கு முன்பிருந்த பழைய சர்வே எண்ணை வைத்து, 1993-லிருந்து இன்றுவரை போடுங்கள். பேரூராட்சிச் செயல் அலுவலர் பேருக்கு எழுதிய தான செட்டில்மென்ட் ஏதாவது அதில் தென்படலாம். அப்படிக் கிடைத்துவிட்டால் கதையே மாறிவிடும். நிலம் உள்ளாட்சிக்கே சொந்தம், பின்னால் நடந்த கிரயத்துக்கு மதிப்பே இல்லை. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் உள்ளாட்சிக்குச் சொந்தமான நிலத்தை அனுமதியில்லாமல் மாற்றும் பத்திரத்தைப் பதிவு செய்ய மறுக்கச் சொல்கிறது.

மாநகராட்சியிடம் இருப்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணமாகக் கேளுங்கள்: இந்த மனைப்பிரிவின் அங்கீகாரக் கோப்பு, இணைப்பின்போது பேரூராட்சியிடமிருந்து பெற்ற பூங்கா இடங்களின் பட்டியல், பூங்கா மற்றும் திறந்தவெளிப் பதிவேட்டில் உங்கள் வார்டுக்கான பக்கம், நீங்கள் கொடுத்த மூன்று மனுக்களின் மீது அலுவலகக் குறிப்பில் எழுதப்பட்டவை. கோப்பை நேரில் பார்வையிடவும் அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு, அதையும் விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். பதில் வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் சரியாகாவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

குழி தோண்டியாகிவிட்டதே, உடனே என்ன செய்வது?

மேலே சொன்ன ஆவணங்கள் எல்லாம் வந்து சேரும்வரை கட்டடம் காத்திருக்காது. ஆகவே இந்த வாரமே, கையில் இருக்கும் லேஅவுட் நகலையும் செக்குபந்திப் பக்கங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, மாநகராட்சி ஆணையாளருக்கும் நகரமைப்பு அலுவலருக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஆட்சேபணை மனு கொடுங்கள். அதில் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, அந்த இடத்தில் எந்தக் கட்டட அனுமதியும் தரக் கூடாது. தந்திருந்தால் ரத்து செய்ய வேண்டும். இரண்டு, நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57 பிரிவுகளின் கீழ் வேலையை நிறுத்தி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிரிவு எண்ணை எழுதுங்கள். ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடியும் மனுவுக்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். சட்டத்தில் உள்ள குறிப்பிட்ட அதிகாரத்தைப் பயன்படுத்துங்கள் என்று கேட்டால், பயன்படுத்தினோம் என்றோ, இன்ன காரணத்தால் முடியாது என்றோதான் எழுத வேண்டியிருக்கும்.

இதில் அவசரம் ஏன் என்றால், 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்தில் விண்ணப்பித்து, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி கொடுத்துவிட்டால் உடனே அனுமதி கிடைத்துவிடும். சாதாரணக் குடும்பங்களுக்கு இது நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 22 சென்ட் என்பது சுமார் 9,580 சதுர அடி. அதை நான்கு துண்டாக்கினால் ஒவ்வொன்றும் அந்த வரம்புக்குள் வந்துவிடும். யாரும் நேரில் வந்து பார்ப்பதற்கு முன்பே அனுமதி கையில் இருக்கும். பொய் சொல்லி வாங்கிய அனுமதியை ரத்து செய்யலாம். ஆனால் உங்கள் ஆட்சேபணை அதற்கு முந்தைய தேதியில் கோப்பில் இருந்தால்தான், தெரியாமல் கொடுத்துவிட்டோம் என்று அலுவலகம் சொல்ல முடியாமல் போகும். இதே ஆட்சேபணையின் நகலைச் சார்பதிவாளருக்கும் மின்வாரிய அலுவலகத்துக்கும் கொடுங்கள்.

எல்லா மனுவும் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), சேர்த்ததற்கான அத்தாட்சியோடு போகட்டும். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

1100-ல் கொடுத்த மனு உயர்ந்த இடத்துக்குப் போயும் பலன் இல்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அங்கே பதிவாகும் மனு சம்பந்தப்பட்ட துறைக்குத்தான் திரும்பி வரும். பெரும்பாலும் நீங்கள் முதலில் மனு கொடுத்த அதே மேஜைக்கு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுப்பதும் அப்படித்தான். கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தேதியும் மனு எண்ணும் கிடைக்கின்றன, அது பின்னால் உதவும். அங்கேயே தீர்ந்துவிடும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

செய்யக் கூடாத மூன்று

வேலியைப் பிடுங்குவது. உங்கள் இளைஞர்களின் கோபம் நியாயமானது. ஆனால் பிடுங்கிய அன்றே அத்துமீறி நுழைந்தார்கள், சேதம் செய்தார்கள் என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் புகார் போகும். பையன்கள் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கும் வயதில் இருப்பார்கள். அதோடு, ‘எங்கள் அனுபவத்தில் உள்ள இடத்தில் தகராறு செய்கிறார்கள்’ என்று எதிர்த்தரப்பு முன்சீப் கோர்ட்டில் தடையாணை வாங்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். இப்போது நீங்கள் வாதி. அதற்குப் பிறகு பிரதிவாதி.

சொத்து வரியை நிறுத்துவது. வரி கட்டுவதற்கும் பூங்காவுக்கும் சட்டத்தில் தொடர்பு கிடையாது. பாக்கிக்கு மாதாமாதம் அபராத வட்டி ஏறும். நாளைக்கு நீதிமன்றத்தில் மனுதாரர்களே வரி பாக்கி வைத்தவர்கள் என்று மாநகராட்சி வக்கீல் முதல் வரியிலேயே சொல்வார். எல்லோரும் வரி கட்டிய ரசீதோடு நில்லுங்கள், அதுதான் பலம்.

வீடியோ. வேலியைப் படம் எடுங்கள், ஜேசிபியைப் படம் எடுங்கள், லேஅவுட் வரைபடத்தை அருகில் வைத்துக் காட்டுங்கள். அதெல்லாம் உண்மை, யாரும் தடுக்க முடியாது. கவுன்சிலர் பணம் வாங்கினார் என்பதற்கு உங்கள் மகனிடம் ஆதாரம் இருக்கிறதா? இருந்தால் அது போக வேண்டிய இடம் லஞ்ச ஒழிப்புத் துறை. இல்லையென்றால் அவதூறு வழக்கு உங்கள் மகன் மேல் வரும், அதன்பின் பூங்காவைப் பற்றிப் பேச ஆளிருக்காது.

கவுன்சிலரும் பகுதி சபையும்

அவர் முகம் கொடுக்காவிட்டாலும் அவருக்கு எழுத்தில் மனு கொடுங்கள், மரியாதையாக. மாமன்றக் கூட்டத்தில் கேள்வி எழுப்பவும், பூங்கா இடத்தை மீட்கத் தீர்மானம் கேட்கவும் அவருக்கு வாய்ப்பு உண்டு. அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பது உங்கள் சந்தேகம். உண்மையாகவும் இருக்கலாம், நிலத்தின் உரிமை தெரியாமல் ஒதுங்குகிறவராகவும் இருக்கலாம். செக்குபந்தி நகல்களைக் கையில் கொடுத்துப் பாருங்கள். எதிர்க்கட்சிக் கவுன்சிலரை உடனே அழைத்துவரலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்றே இது கட்சிச் சண்டையாகிவிடும். கையெழுத்துப் போட்டவர்களில் மீதிப் பாதியும் நழுவிவிடுவார்கள்.

நகர்ப்புறங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் இப்போது இருக்கின்றன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை அளவுக்கு இவை மக்களுக்குப் பழகவில்லை, பல வார்டுகளில் கூட்டம் நடப்பதே தெரியாமல் நடந்து முடிகிறது. உங்கள் பகுதி சபையின் அடுத்த கூட்டம் எப்போது என்று மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கூட்டத்தில் பேசியதைக் கூட்டப் பதிவில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சங்கம் பதிவாகவில்லை என்பதற்காக மனுவை மறுக்க முடியாது. எந்தக் குடியிருப்பாளரும் தனியாளாக மனு கொடுக்கலாம். ஆனாலும் பதிவு செய்துவிடுவது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தால் போதும். வழக்கு என்று வரும்போது உங்கள் ஒருவர் பேர் மட்டும் முன்னால் நிற்காது. நீங்கள் சொல்லும் பயத்துக்கு, அதாவது மகனுக்கு ஏதாவது தொந்தரவு வருமோ என்பதற்கு, நடைமுறையில் இதுதான் பெரிய பாதுகாப்பு. அதுவரை வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: தகவல் கேட்கும் மனு ஒருவர் பேரில், பட்டா மேல்முறையீடு இன்னொருவர் பேரில், ஆட்சேபணை வேறு இருவர் பேரில். மிரட்டல் வந்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

ஹைகோர்ட் எப்போது?

நேராகப் போகலாமா என்று கேட்டீர்கள். ஆவணத்தோடு கூடிய மனு கொடுத்து, நியாயமான அவகாசம் தந்து, அதன்பின் போவதே முறை. கட்டுமானம் தொடர்ந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே போய் இடைக்காலத் தடை கேட்கலாம். நீண்ட நாள் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிப்பட்ட பேராணை (ரிட்) மனுக்களில் பெரும்பாலும் கிடைக்கும் உத்தரவு என்ன தெரியுமா? ‘மனுதாரரின் மனுவை எட்டு வாரத்துக்குள், இரு தரப்பையும் விசாரித்து, சட்டப்படி முடிவு செய்ய வேண்டும்’ என்பதுதான். பலர் இதை வெற்றி என்று நினைத்து இனிப்புக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எட்டு வாரம் கழித்து ‘பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரு தாள் வரும். அதனால்தான் மனுவிலேயே எல்லாச் சான்றையும் வைக்கச் சொல்கிறேன். ஆணையாளர் நிராகரிக்க வேண்டுமானால் லேஅவுட் வரைபடம், நிபந்தனை, ஐந்து வீட்டுச் செக்குபந்தி எல்லாவற்றுக்கும் பதில் எழுதியாக வேண்டும். அப்படி எழுத முடியாது. எழுதினாலும் அந்த உத்தரவு நீதிமன்றத்தில் நிற்காது. உத்தரவை மதிக்காமல் சும்மா இருந்தால், ஒரு வருடத்துக்குள் அவமதிப்பு மனு போட வேண்டும்; அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். வேலி போட்டவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எங்களைக் கேட்கவே இல்லை என்று உத்தரவைக் கலைத்துவிடுவார்கள்.

கிரயப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்பது சிவில் நீதிமன்ற வேலை. அது வருடக்கணக்கில் போகும். இப்போதைக்கு அதைத் தள்ளிவையுங்கள். மாநகராட்சியே வழக்காடும்படி செய்வதுதான் நம் நோக்கம்.

கால்வாயில் விடும் கழிவுநீர்

இதைப் பூங்கா மனுவோடு சேர்க்காதீர்கள். அது நகரமைப்புப் பிரிவு, இது சுகாதாரமும் பொறியியலும். ஒரே தாளில் இரண்டும் இருந்தால் ஒரு மேஜையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். தனியாகக் கொடுத்து, நகர்நல அலுவலர் பேரைப் போடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவு கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133. அந்தப் பிரிவின் கீழ்தான் மத்தியப் பிரதேசம் ரத்லம் நகரில் ஒரு வார்டு மக்கள் சாக்கடைக்காகப் போராடினார்கள். பணம் இல்லை என்று நகராட்சி சொன்னதை 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. இன்னொரு வழி நிரந்தர மக்கள் நீதிமன்றம். பொதுச் சுகாதாரமும் கழிவகற்றலும் அதன் வரம்புக்குள் வருகின்றன. நீதிமன்றக் கட்டணம் கிடையாது.

செலவைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஓய்வூதியம் வாங்குகிறேனே என்று யோசிக்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகம் இருக்கும். உயர் நீதிமன்றத்துக்கும் தனிக் குழு இருக்கிறது. போகும்போது மாநகராட்சியின் பதில் கடிதம், லேஅவுட் நகல், செக்குபந்திப் பக்கங்கள், ஆட்சேபணை மனுவின் ஒப்புகை, தேதி தெரியும் புகைப்படங்கள் ஆகியவற்றை இந்த வரிசையில் அடுக்கி இரண்டு செட் கொண்டுபோங்கள்.